ரெண்டு சுத்துப் பூட்டு

ஜூன் 3, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. எழுதுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு. இதை எழுதுவது என் புரோகிராமைச் சோதிக்கத்தான். தினமும் நாலு வரி தட்டச்சு செய்து, பூட்டி, மறுநாள் திறந்து, ஒரு எழுத்தும் சிதையாமல் வருகிறதா என்று பார்க்கப்போகிறேன்.

நான் அருளப்பன். வயது நாற்பத்தாறு. திண்டுக்கல்லில் மில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான சங்க அலுவலகத்தில் மனு தட்டச்சு செய்வது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் கேன் வந்தால் தூக்கிக் கவிழ்ப்பது எல்லாம் என் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் படித்த கம்ப்யூட்டர் படிப்பு இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உருப்படியாக ஒன்றுக்கு உதவியிருக்கிறது. முப்பத்தெட்டே வரி புரோகிராம். பெயர் ‘பூட்டு’.

கறுப்புத் திரையில் ‘பூட்டு’ என்று தட்டி, கோப்பின் பெயரையும் ஒரு ரகசியச் சொல்லையும் கொடுத்தால் போதும். உள்ளே இருக்கிற எழுத்தையெல்லாம் அந்தச் சொல்லோடு பின்னிக் குழப்பிவிடும். அப்புறம் கோப்பைத் திறந்தால் மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்த மாதிரி இருக்கும். அதே கட்டளையை அதே சொல்லோடு மறுபடி கொடுத்தால் பழையபடி படிக்க வந்துவிடும். பூட்டவும் திறக்கவும் ஒரே கட்டளை. சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அதுதான் அதன் அழகே.

ஜூன் 5, வியாழன்

முந்தாநாள் எழுதின பக்கம் அப்படியே திறந்தது. கால், கொம்பு, புள்ளி எதுவும் உதிரவில்லை.

இதெல்லாம் எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு மில் விடுதியில் கௌசல்யா என்கிற பதினெட்டு வயதுப் பெண் இறந்துபோனாள். வயிற்றுவலி என்று மில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா பேச்சியம்மாள் அலையாத அலைச்சல் இல்லை. கடைசியில் விசாரணைக்கு உத்தரவு வாங்கியாயிற்று. ஜூன் 26, வியாழக்கிழமை. அன்றைக்கு ஏழு பெண்கள் அதிகாரி முன்னால் வந்து பேசப்போகிறார்கள். ஏழு பேரும் இன்னும் அதே மில்லில், அதே விடுதியில் இருக்கிறவர்கள். அதுவரைக்கும் அவர்கள் பெயர் மில்லுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் எல்லாம் முடிந்தது.

ஏழு பேரையும் பிடித்துப் பேசவைத்தவள் எங்கள் பாண்டீஸ்வரி. அவளும் மில்லில் நூல் எடுத்தவள்தான், இப்போது சங்க வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு விடுதிப் பெண்களைக் கடைத்தெருவுக்கு விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒவ்வொருத்தியாக ஒரு தையல் கடையின் பின்னறைக்குக் கூட்டிவந்தாள். நான் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக வந்தவள் நாகஜோதி. கௌசல்யாவுடன் ஒரே அறையில் இருந்தவள். “அவளுக்கு மூணு நாளா காச்சண்ணே. வார்டன் அவளை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்களை ஷிப்டுக்கு விரட்டிருச்சு. நான் டூட்டி முடிஞ்சு வந்து ஜன்னல் வழியா தண்ணி குடுத்தேன். டம்ளர் கம்பிக்குள்ள நுழையல. டிபன் டப்பா மூடியில ஊத்திச் சரிச்சுக் குடுத்தேன். காலையில கூப்புட்டா எந்திரிக்கல” என்றாள்.

போகும்போது வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். “அண்ணே, எம்பேரு வெளிய வராதுல்ல?”

“எனக்கு உசுரு இருக்குற வரைக்கும் வராது தாயி. நீ போ” என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

ஏழு வாக்குமூலத்தையும் தட்டச்சு செய்து முடித்தேன். கையால் எழுதின தாள்களைப் பின்பக்கம் வைத்துக் கொளுத்தினோம். சங்கத் தலைவி லூர்து அக்கா நின்று பார்த்தார். பஞ்சுத் தூசியில் இருபது வருஷம் நின்றவர், அந்தப் புகைக்கே இருமி முடியவில்லை.

ரகசியச் சொல் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அக்கா, பாண்டீஸ்வரி, நான். இங்கேகூட எழுத மாட்டேன்.

பூட்டிக் காட்டினேன். எறும்புக்கால். பாண்டீஸ்வரி கைதட்டினாள். அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

“ஏ அருளப்பா, ஒரு சுத்துதானா போட்ட? நம்மூருப் பூட்டே ரெண்டு சுத்துல்ல.”

“போட்டாப் போச்சுக்கா” என்றேன்.

அதே சொல்லை வைத்து இன்னொரு முறை ஓட்டினேன். வேறு சொல் வைத்தால் அக்கா மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் கையைப் பிசைவார். ‘முடிந்தது’ என்று திரையில் வந்தது. அதற்குள் கரண்ட் போய்விட்டது, மடிக்கணினியில் பேட்டரியும் கம்மி, எனக்கு அஞ்சே முக்கால் பஸ். பென் டிரைவில் ஒரு பிரதி போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

ரெண்டு சுத்து. இனி எமனே வந்தாலும் படிக்க முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். ரெஜினா சிரித்தாள். “ஏங்க, கையோட வந்துறப் போவுது. சாமியார் பிரசங்கத்தையே முடிச்சிருப்பாரு, வாங்க.”

பூட்டு செய்கிற ஊரில் பிறந்தவன் பூட்டினதை இழுத்துப் பார்க்காமல் போவானா? இவள் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இது. இவளுக்கு எங்கே தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

வக்கீல் வந்தார். வாக்குமூலங்களைப் பார்க்க வேண்டும் என்றார். ரெண்டு சுத்து பூட்டினதை ரெண்டு சுத்துதானே திறக்க வேண்டும்? கட்டளையை இரண்டு முறை ஓட்டினேன். நாகஜோதி சொன்னது கண்ணாடி மாதிரி வந்தது. வக்கீல் அசந்துபோனார். “எங்க வாங்குனீங்க இதை?”

“வாங்கல சார். நானே எழுதுனது.”

படித்து முடித்ததும் மறுபடி ரெண்டு சுத்து. அக்கா எனக்கு மட்டும் ஸ்பெஷல் டீ சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

அலுவலக பிரிண்டர் படுத்துவிட்டது. விசாரணை மனுவை இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன் பென் டிரைவைச் செருகியதும் உள்ளே இருப்பதை மொத்தமாக இழுத்துத் தன் திரையில் போட்டுக்கொண்டுதான் பிரிண்ட் கொடுப்பான். ஊரில் இருக்கிறவன் பட்டா, ஜாதகம், பயோடேட்டா எல்லாம் அந்தத் திரையில் கிடக்கிறது. ஏழு கோப்பும் அதோடு போய் விழுந்தன.

எனக்குப் பின்னால் அந்த மில்லின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் நின்றிருந்தார். ஆபீஸ் ஆள் போல. எட்டி எட்டித் திரையைப் பார்த்தார். நன்றாகப் பாரும் ஐயா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். எறும்புக்காலைப் பார்க்க இவ்வளவு ஆசையா.

‘அழிச்சிருப்பா’ என்று கடைக்காரனிடம் சொல்லக்கூட இல்லை. பூட்டின பொருளுக்கு என்ன பயம்.

ஜூன் 16, திங்கள்

போய்விட்டது. எல்லாம் போய்விட்டது.

சனிக்கிழமையே ஏழு பேரையும் மில் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாகஜோதியை விடுதியிலிருந்து எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அவளோடு நூற்புப் பிரிவில் நிற்கும் ஒருத்தி பொதுத் தொலைபேசியிலிருந்து பாண்டீஸ்வரிக்குப் பேசியிருக்கிறாள். மேனேஜர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்தாராம். “டிபன் டப்பா மூடியில ஊத்திச் சரிச்சுக் குடுத்தேன்” என்று, நாகஜோதி சொன்னது சொன்னபடி.

அது நான் தட்டச்சு செய்த வரி.

பாண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “நான் கூட்டியாந்த புள்ளைங்கண்ணே. நான் கூட்டியாந்த புள்ளைங்க.”

ஜூன் 17, செவ்வாய்

கூட்டம். வக்கீல், அக்கா, கமிட்டியில் நாலு பெண்கள், நான். பாண்டீஸ்வரியை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

“புரோகிராமை எவனாச்சும் உடைச்சிருப்பானா?” என்று வக்கீல் கேட்டார்.

“வாய்ப்பே இல்ல சார். சொல் தெரியாம எழுதுன என்னாலயே திறக்க முடியாது. அதுவும் ரெண்டு சுத்து” என்றேன்.

“அப்ப சொல் தெரிஞ்ச ஆளுதான்.”

“ஆமா சார்.”

ஆமா என்று சொன்ன பிறகுதான் அது யார் யாரைச் சுட்டும் என்று எனக்கு உறைத்தது. மூன்று பேர். அக்கா சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை. கமிட்டியில் ஒரு அம்மா மெதுவாக ஆரம்பித்தார். “பாண்டியோட கூடப்பொறந்த அக்கா வீட்டுக்காரன் மில்லு வேன்தான ஓட்டுறான்?”

கூப்பிட்டுக் கேட்டார்கள். “எங்க மாமா வேன் ஓட்டுறது நேத்தா தெரியும் உங்களுக்கு? நான் இங்க சேந்த அன்னிக்கே சொன்னேனேக்கா!” என்று பாண்டீஸ்வரி கத்தினாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அலுவலகச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

நான் என்ன பொய்யா சொன்னேன்? கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

ரேஷனில் பருப்பு இல்லை. பிரிண்டர் ரிப்பேருக்கு ஆள் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

வக்கீலுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். பென் டிரைவைச் செருகினேன். கறுப்புத் திரையைத் திறப்பதற்குள் மவுஸ் நழுவி ஏழாவது கோப்பில் விரல் பட்டுவிட்டது. பூட்டை நான் இன்னும் தொடவில்லை.

கோப்பு திறந்தது. ‘என் பெயர் நாகஜோதி’ என்று முதல் வரி.

தண்ணீர் கேன் வந்தது. தூக்கிக் கவிழ்த்தேன். இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, சனி

சரி. எழுதுகிறேன். பூட்டித்தானே வைக்கப்போகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

முதல் முறை ஓட்டினால் பூட்டும். இரண்டாம் முறை ஓட்டினால் திறக்கும். முதல் நாளே இதே நாட்குறிப்பில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். பூட்டவும் திறக்கவும் ஒரே கட்டளையாம். அழகாம். அப்படி எழுதின கழுதை மூன்றே நாளில் ரெண்டு சுத்து போட்டிருக்கிறது. இரும்புப் பூட்டுக்குத்தான் ரெண்டாவது சுத்து பலம். இதற்கு ரெண்டாவது சுத்து என்பது திறந்து போடுவது. ஜூன் ஆறாம் தேதியிலிருந்து ஏழு பெண்களும் என் சட்டைப்பையில் திறந்து கிடந்திருக்கிறார்கள். வக்கீலுக்காகத் திறந்தபோதும் தெரியவில்லை. திறந்ததைப் பூட்டி, பூட்டினதைத் திறந்து, ‘ஆகா’ என்றிருக்கிறேன். ஓட்டின கையோடு ஒருமுறை கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும். வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுக்கிறவன் அன்றைக்கு அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த ஜெராக்ஸ் கடை. அழிக்கச் சொல்லாமல் அங்கே விட்டுவந்த ஏழு கோப்பு. அந்த அடையாள அட்டைக்காரர்.

இன்று மத்தியானம் அக்கா சாப்பிடப் போனபோது ஏழு கோப்பையும் எடுத்து ஒரே ஒரு முறை ஓட்டினேன். பென் டிரைவிலும் மடிக்கணினியிலும். இப்போது நிஜமாகவே எறும்புக்கால். இனி எந்த ஆள் வந்து பார்த்தாலும் முதலிலிருந்தே பூட்டியிருந்த மாதிரிதான் இருக்கும்.

அக்காவிடம் சொல்லத்தான் போகிறேன். விசாரணை முடியட்டும். இப்போது போய்க் குழப்ப வேண்டாம்.

ஜூன் 23, திங்கள்

சாயங்காலம் பாண்டீஸ்வரி வீட்டுக்கு வந்தாள். ரெஜினா காப்பி கொடுத்தாள், அவள் தொடவில்லை. முகம் ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டது. கூடப்பிறந்த அக்கா வீட்டிலும் சண்டையாம். சங்கத்தில் சேர்ந்தவளால் அக்கா புருஷன் வேலைக்கு ஆபத்து என்று அங்கே திட்டு, அந்த மாமாவால் இவளுக்கு இங்கே திட்டு.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான்தான் சொல்லியிருப்பேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?”

“இல்லம்மா.”

“நெசமாவா?”

“நீ சொல்லலம்மா. எனக்குத் தெரியும்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க ஒருத்தர் வாயில வந்துச்சே, அது போதும்ணே.” ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு ரெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, உங்களுக்கு எப்புடித் தெரியும்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்டபடி கத்திவிட்டேன். பாவம், அவள் கேட்டதில் தப்பே இல்லை.

ஜூன் 26, வியாழன்

விசாரணை நடந்தது. நடந்தது என்றா சொல்வது.

ஏழு பேரில் நாலு பேர் வரவே இல்லை. இரண்டு பேர் எதுவும் தெரியாது என்றார்கள். நாகஜோதி மில் வேனில் வந்து இறங்கினாள். ஒரு பக்கம் வார்டன், ஒரு பக்கம் அவள் அம்மா. வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அதிகாரி ஒரு அம்மா, நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

“கையில என்னம்மா?”

“மெஷின்ல பட்டுருச்சு மேடம்.”

“கௌசல்யா இறந்துபோன அன்னிக்கு நீ என்ன பாத்த?”

“ஒண்ணும் பாக்கல மேடம். டூட்டில இருந்தேன்.”

“அப்ப இந்த வாக்குமூலம்?”

“அவுங்களா எழுதிக்கிட்டாங்க.”

பேச்சியம்மாள் எழுந்துவிட்டார். யாரும் தடுப்பதற்குள் நாகஜோதி அருகில் போய்விட்டார். அதட்டவில்லை, கெஞ்சினார். “ஏத்தா, எம்மகளுக்குக் கடைசியா தண்ணி குடுத்தது நீதானத்தா? மூடியில சரிச்சுக் குடுத்தியாம்ல? அத மட்டும் சொல்லுத்தா. கேஸுக்கு வேணாம். எனக்குச் சொல்லு.”

நாகஜோதி கட்டுப்போட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லம்மா. நான் யாருக்கும் தண்ணி குடுக்கல.”

பேச்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்கூட இல்லாமல்தான் மகள் போனாள் என்று இனி அவர் நினைத்துக்கொண்டிருப்பார். என்னால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை.

வெளியே பாண்டீஸ்வரி மரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வேனில் ஏறப்போன நாகஜோதியின் அம்மா அவளைப் பார்த்துவிட்டாள். குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரி அவள் மேல் வீசினாள். “நல்லாருப்பியாடி நீ! அக்கா அக்கான்னு நம்புனவளைப் பேசவச்சு எம்புள்ளையக் காட்டிக் குடுத்துட்டியேடி! உன் வம்சம் விளங்காது!”

பாண்டீஸ்வரி மண்ணைத் தட்டிவிடவில்லை. தலையிலும் கன்னத்திலும் மண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே” என்றாள்.

நான் குனிந்து ஃபைல்களைப் பையில் அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

ஜூன் 28, சனி

விசாரணை முடியட்டும் என்றேனே, முடிந்துவிட்டது. அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் முந்திக்கொண்டார். பாண்டீஸ்வரி மேல் போலீசில் புகார் கொடுக்க கமிட்டி முடிவு செய்திருக்கிறது. சங்க ரகசியத்தை மில்லுக்குக் கொடுத்தாள் என்று.

“நீதான் டைப் அடிக்கணும் அருளப்பா. சொல் தெரியாம திறக்க முடியாதுன்னு நீ சாட்சிக் கையெழுத்தும் போடணும். திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துருவேன். பிரிண்ட் எடுத்து வையி.” சொல்லும்போதே அக்காவுக்கு இருமலோடு அழுகையும் வந்தது. “எம்மக மாதிரி வச்சிருந்தேன்டா அவளை.”

வாயைத் திறந்தேன். “சரிக்கா” என்றுதான் வந்தது.

புகாரைத் தட்டச்சு செய்தேன். ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தினேன். நல்ல ஓரம் விட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, பார்க்க லட்சணமாக வந்திருக்கிறது. கை அதுபாட்டுக்கு வேலை பார்க்கிறது. வெட்கங்கெட்ட கை.

ஜூன் 30, திங்கள்

மணி ஒன்பதரை. அலுவலகத்தில் நான் மட்டும். பிரிண்டர் சரியாகிவிட்டது. புகாரை பிரிண்ட் எடுக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. “அந்தப் புள்ள அன்னிக்குக் காப்பிய எடுத்துக் குடிச்சுச்சேங்க” என்று மட்டும் சொன்னாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

இதைப் படிக்கும் லூர்து அக்காவுக்கு: நேரில் சொல்ல சனிக்கிழமையிலிருந்து ஐந்து தடவை முயன்றேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பாண்டீஸ்வரி ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. நான்தான் திறந்து வைத்தேன், தெரிந்த பிறகு மூடி மறைத்தேன், அவள் மேல் மண் விழும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே தேதிவாரியாக எல்லாம் இருக்கிறது. பேச்சியம்மாளிடமும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும், அவர் மகளுக்குத் தண்ணீர் கிடைத்தது என்று. என்னை விட்டால் நானே போய்ச் சொல்கிறேன்.

நாகஜோதியிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இந்த நாட்குறிப்பைத் தினமும் ஒரு சுத்துதான் பூட்டுவேன். மடிக்கணினியின் முகப்பில், புகார் இருந்த இடத்தில், இதை வைத்திருக்கிறேன். அக்கா படிக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, இருமல் சத்தமும்.

பூட்டினேன். இன்னொரு முறை பூட்டினேன். இந்தத் தடவை இழுத்துப் பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது.